ஆட்டு முதுகில் அறுபது சொற்கள்

முல்லாரா பண்ணை, மேற்கு குயின்ஸ்லாந்து
6 ஜூன் 1968, வியாழன்

ரேடியோ பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஐரிஸ் ட்ரெலோருக்கு,

நான் ஆர்ச்சி டோலன். முல்லாராவுல சமையல்காரன். ரொட்டி சுடறது, ஆட்டுக்கறி வேகவைக்கிறது, எட்டுப் பண்ணையாளுங்க திட்டறதக் காதுல வாங்காம இருக்கறது, இதான் என் உத்தியோகம். காலையில நீங்க ரேடியோவுல "முல்லாரா, முல்லாரா, நெட்டா இருக்கியாம்மா"ன்னு கூப்புடறப்ப பின்னாடி பாத்திரம் உருளற சத்தம் கேட்டிருந்தா அது நான்தான்.

சங்கதி என்னன்னா, நெட்டாவுக்குப் பாடம் சொல்லித்தர இங்க தங்கியிருந்த பொண்ணு போன சனிக்கிழமை வேலி போட வந்தவன் வண்டியில ஏறிப் போயிட்டா. நல்ல பையன்தான், வேலியத்தான் கோணலாப் போட்டான். நெட்டாவோட அம்மா மார்ஜரி, உங்களுக்கே தெரியும், பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில படுத்தபடி இருக்காங்க. வயித்துல இருக்கற ரெண்டாவது குழந்தை வெளிய வர அவசரப்படுதாம், அசையக் கூடாதுன்னுட்டாங்க. அவ அப்பா, எங்க முதலாளி கொலின், விடிஞ்சா குதிரையில ஏறுவாரு, பொழுது சாஞ்சாத்தான் இறங்குவாரு. வீட்ல மிச்சம் நானும் நாயும். நாய்க்கு என்னை விடப் பொறுமை ஜாஸ்தி, ஆனா பென்சில் பிடிக்க வராது. அதனால பாடத்துக்கு அவகூட என்னை உட்காரச் சொல்லிட்டாரு முதலாளி.

இன்னொண்ணும் சொன்னாரு. இந்தப் பருவம் முடியறதுக்குள்ள பொண்ணு படிக்கலைன்னா பிரிஸ்பேன்ல அவரு அக்கா ஃபே வீட்டுக்கு அனுப்பிடுவாராம். அங்கயே தங்கி, அங்கயே பள்ளிக்கூடம். நெட்டாவுக்கு இது தெரியாது. ரேடியோவுல வாய் தவறிச் சொல்லிடாதீங்க, இருநூறு மைல் சுத்துவட்டாரமும் கேக்கும்.

நீங்க அனுப்பின அட்டைக்கட்டு வந்துச்சு. அறுபது. பிரிச்சுப் பார்த்தேன். 'அந்த', 'எங்கே', 'இருந்தது', 'சொன்னாள்', 'ஏன்'. ஒரு குதிரை உண்டா, ஒரு கேக்கு உண்டா? வெறும் தூசி. ஆறு வயசுப் பொண்ணு இதப் படிச்சு என்ன செய்யப்போறா? படம் போட்ட அட்டை இருந்தா அனுப்புங்க.

ஆர்ச்சி டோலன்


11 ஜூன் 1968

அன்புள்ள திரு டோலன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படம் போட்ட அட்டைகளை அனுப்ப மாட்டேன்.

நீங்கள் தூசி என்று சொல்பவைதான் எந்தப் புத்தகத்திலும் பாதிப் பக்கத்தை நிரப்புகின்றன. ஒரு கதையில் குதிரை ஒருமுறை வரும். 'அந்த' இருபது முறை வரும். ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றால் குழந்தை வரியின் முடிவுக்குப் போவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். இவற்றைப் பார்த்தவுடன் படிக்க வேண்டும். படம் வரைய முடியாத சொற்கள் இவை. 'ஏன்' என்பதற்கு நீங்களே ஒரு படம் வரைந்து பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து அட்டைகள் போதும். காட்டுங்கள், சொல்லச் சொல்லுங்கள், மறையுங்கள், கலைத்துவிட்டு மறுபடி காட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். திட்ட வேண்டாம்.

ஆகஸ்ட் 19 அன்று ரேடியோவில் நானே சோதிப்பேன். அறுபதும் வந்தால்தான் தேறியதாக நெட்டாவின் அப்பாவுக்கு அறிக்கை போகும். அவரும் நானும் ஒத்துக்கொண்ட எண் அது.

கேட்பதற்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அந்த அறுபதையும் நீங்கள் படிப்பீர்களா?

ஐரிஸ் ட்ரெலோர்


20 ஜூன் 1968

டீச்சரம்மா,

படிப்பீங்களான்னு கேட்டீங்க பாருங்க, அன்னிக்கு ரொட்டி கல்லாப் போச்சு. பண்ணையாளுங்க கேட்டாங்க, "என்ன ஆர்ச்சி, இதத் திங்கணுமா, சுவத்துல வச்சுக் கட்டணுமா?" உங்க பேரச் சொல்லிட்டேன்.

நான் மூணாங் கிளாஸோட நின்னவன். ஆனா சமையலுக்கு வர்றதுக்கு முந்தி முப்பது வருஷம் மாடு ஓட்டினவன். புழுதிக்குள்ள ஓடற மாட்டோட தொடையில சூட்டுக்குறி கண்ணுல பட்டா போதும், எந்தப் பண்ணை மாடுன்னு சொல்லிடுவேன். அதுல கூட்டறதுக்கு எழுத்து எங்க இருக்கு? பார்த்தா தெரியும், அவ்வளவுதான். நீங்க பட்டணத்துல படிச்சு வந்து சொல்ற வித்தைய எங்க ஊரு முரட்டுப் பசங்க பள்ளிக்கூடம் பார்க்காமயே பண்றாங்க.

சரி, நல்ல சேதிக்கு வர்றேன். உங்க ஐந்து அட்டை, பத்து நிமிஷம் எல்லாம் நமக்கு ஒத்துவரல. நெட்டா நாற்காலியில உட்கார்ந்தா நாற்காலிதான் அழும். அதனால மாவுப் பசை காய்ச்சி அறுபதையும் பண்ணை பூரா ஒட்டிட்டேன். தண்ணித் தொட்டியில 'இருந்தது'. நாய்க்கூண்டுல 'சொன்னாள்'. கறி தொங்கற அறைக் கதவுல 'அந்த'. முதலாளியோட சேணத்துல 'ஏன்'. காலையில எழுந்ததும் ஓட ஆரம்பிக்கிறா. ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுக் கத்தறா. ஒரே வாரத்துல நாப்பது சொல்லு! நேத்து முதலாளியே நின்னு பார்த்துட்டு மீசையத் தடவிட்டுப் போனாரு. அவரு சந்தோசப்பட்டா அப்படித்தான்.

நீங்க வேணா உங்க வேலைய எனக்குக் குடுத்துட்டு இங்க வந்து ரொட்டி சுடுங்க. மாவு பிசையக் கை நல்லா இருக்கும்னு தோணுது, அழுத்தி எழுதறீங்க.

ஆர்ச்சி


2 ஜூலை 1968

திரு டோலன் அவர்களுக்கு,

நேற்றுக் காலை நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் அடுப்படியில்தான் இருந்திருப்பீர்கள்.

முதல் புத்தகத்தின் நான்காம் பக்கம். 'அம்மா சொன்னாள்' என்று இருக்கும் இடத்தில் நெட்டா உரக்க, தயக்கமே இல்லாமல், "அம்மா நாய்க்கூண்டு" என்று படித்தாள். நான் திருத்துவதற்குள் அடுத்த வரி: "பூனை தண்ணித் தொட்டி." பதினான்கு பண்ணைகளிலிருந்து பதினான்கு குழந்தைகள் ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தி அழுத்திச் சிரித்தார்கள். ஒருவன் குரைத்தும் காட்டினான். நான் அவர்களை அடக்கிவிட்டு "முல்லாரா, முல்லாரா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்று காலையும் இல்லை.

அவள் சொல்லைப் படிக்கவில்லை, திரு டோலன். அது ஒட்டியிருந்த இடத்தைப் படித்திருக்கிறாள். நாய்க்கூண்டில் எழுதியிருந்தால் அது நாய்க்கூண்டு என்றுதானே குழந்தை நினைக்கும்? ஒருவேளை நீங்கள் அதில் 'எங்கே' அட்டையை மாற்றி ஒட்டினாலும் அவள் 'சொன்னாள்' என்றுதான் கத்துவாள். மாற்றிப் பாருங்கள்.

அவள் எப்படி இருக்கிறாள்?

ஐரிஸ் ட்ரெலோர்


4 ஜூலை 1968

டீச்சரம்மா,

தபால் லாரிக்காரன் டீ குடிக்கிறான், அவன் முடிக்கறதுக்குள்ள எழுதறேன்.

உங்க கடிதம் கைக்கு வந்ததும் நாய்க்கூண்டு அட்டைய மாத்தி ஒட்டிக் கேட்டேன், 'சொன்னாள்'னுதான் சொன்னா. நீங்க சொன்னது சரி. நாப்பது சொல்லும் போச்சு. அவளுக்கு ஒரு சொல்லுகூடத் தெரியல, பண்ணையத்தான் மனப்பாடமா வச்சிருக்கா.

திங்கக்கிழமையில இருந்து தண்ணித் தொட்டிக்கு அடியில உட்கார்ந்திருக்கா. சாப்பாட்டத் தட்டுல வச்சு உள்ள தள்ளறேன். "வெளிய வாடி என் ராசாத்தி"ன்னேன். "நீதான் எல்லாத்தையும் ஒட்டின, நீயே போய் ரேடியோவுல படி"ன்னா. அவ சொல்றதுல தப்பு இல்ல. உள்ள உட்கார்ந்து பேசலாம்னு குனிஞ்சேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சு, கால் மணி நேரம் அப்படியே நின்னேன். அதுக்குக்கூட அவ சிரிக்கல.

ஒரு எடத்துல நிக்க முடியல டீச்சரம்மா. அடுப்புக்கும் வாசலுக்கும் நடக்கறேன். அந்த அம்மா ஆஸ்பத்திரியில கெடந்து தவிக்கிறாங்க, குழந்தையோட வீட்டுக்கு வந்தா பெரியவ இருக்க மாட்டா. காரணம் யாருன்னு கேட்டா என் மாவுப் பசை.

நேரா கேக்கறேன். அறுபதுன்னு எழுதிடுங்க. ஒரு சின்ன எண்ணுதானே? உங்க பேனா மையில ஒரு சொட்டு. நாங்க அடுத்த பருவத்துல சரி பண்ணிக்கிறோம். யாருக்கும் தெரியாது, நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்.

லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

ஆர்ச்சி


9 ஜூலை 1968

திரு டோலன் அவர்களுக்கு,

முடியாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழித்துப் போட நினைத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே பொய் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. நாளைக்கு ஒரு மருந்துப் புட்டியின் சீட்டை அவள் படிக்க வேண்டியிருந்தால் என் மைச்சொட்டு அங்கே வந்து உதவாது.

ஆனால் உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மார்ச் மாதம் அவள் அப்பா ரேடியோவில் என்னிடம், "எத்தனை சொல் தெரிந்தால் பயமில்லை?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: அறுபது. ஐம்பது என்றும் சொல்லியிருக்கலாம். அந்த எண்ணைக் கொண்டு ஒரு குழந்தையை வீட்டைவிட்டு அனுப்புவார்கள் என்று தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன். இப்போது மாற்றினால் அதுவும் பொய்தான். வகுப்பு இல்லாத நேரத்திலும் அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன், பக்கத்து அறைக்காரர் புகார் சொல்லுகிறார். நடப்பது நீங்கள் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லா அட்டைகளையும் உரித்து எடுங்கள். சொல்லை இடத்திலிருந்து பிரிக்க வேண்டும். நீங்கள் சொன்ன சூட்டுக்குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாடு ஆற்றங்கரையில் நின்றாலும், உங்கள் வாசலில் நின்றாலும், தலைதெறிக்க ஓடினாலும் உங்களுக்குக் குறி தெரிகிறது அல்லவா? ஏன் என்று யோசியுங்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

ஐரிஸ் ட்ரெலோர்


1 ஆகஸ்ட் 1968

டீச்சரம்மா,

மூணு வாரமா எழுதல. கோபம்னு நெனச்சிருப்பீங்க. முதல் வாரம் கோபம்தான். அப்புறம் ஆட்டு ரோமம் வெட்டறவங்க வந்துட்டாங்க, இருபத்திரண்டு வயிறு, ஒரு நாளைக்கு அஞ்சு வேளை. கோபப்பட நேரம் இல்ல.

அவங்க போனதும் பார்த்தேன், பட்டியில எல்லா ஆடும் மொட்டையா, வெள்ளையா, காகிதம் மாதிரி நிக்குது. வெட்டி முடிச்ச ஆட்டு முதுகுல பண்ணைக் குறி போடறதுக்கு ஒரு டின் நீலச் சாயம் இருக்கு, கழுவினா போயிடும். முதலாளி மேற்கு வேலியப் பார்க்கப் பத்து நாள் போயிருந்தாரு. அப்பத்தான் உங்க மாடு மண்டைக்குள்ள ஓடுச்சு. ஓடற மாட்டுல குறி ஏன் தெரியுது? ஓடறதாலதான் டீச்சரம்மா! மாடு ஒரு எடத்துல நிக்காது, அதனால நம்ம கண்ணு எடத்தப் பார்க்காது, குறியத்தான் பார்க்கும்.

அறுபது ஆடு பிடிச்சேன். அறுபது முதுகுல அறுபது சொல்லு.

எங்க பட்டியில ஆடு பிரிக்கறதுக்கு ஒரு சந்து உண்டு, ஒண்ணு பின்னாடி ஒண்ணுதான் போக முடியும். முடியற எடத்துல ஆடற கதவு. இந்தப் பக்கம் தள்ளினா இடது பட்டி, அந்தப் பக்கம் தள்ளினா வலது பட்டி. நெட்டா, பகல்ல இன்னும் அங்கதான், தொட்டிக்கு அடியில இருந்து எட்டிப் பார்த்தா.

"ஆர்ச்சி, ஆட்டு மேல என்ன பண்ற?"

"உனக்கு என்ன? நீதான் அங்க குடியிருக்கியே."

"கதவு யாரு பிடிக்கறது?"

"நாயைக் கேட்டிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னுச்சு."

ஓடி வந்துட்டா. கதவு அவ கையில. ஆட்ட நான் பின்னாடி இருந்து விரட்டறேன். அவ முதுகப் பார்த்துக் கத்தணும். சரின்னா இடது, தப்புன்னா வலது.

"'எங்கே'!"

"சரி, தள்ளு!"

"'இருந்தது'!"

"அது 'இருக்கும்'. வலது!"

"அது குதிச்சுடுச்சு ஆர்ச்சி, நான் பாதிதான் பார்த்தேன்!"

"ஆடு நின்னு அட்ரஸ் சொல்லிட்டா போகும்? அடுத்தது வருது பாரு!"

முதல் நாள் தப்புப் பட்டியில நாப்பத்தெட்டு ஆடு. அழல. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "மறுபடி விரட்டு"ன்னா. ரெண்டாவது நாள் முப்பத்தொம்போது. நேத்து பத்தொம்போது. ஆடுங்கதான் இளைச்சுப் போச்சு. ஒவ்வொரு நாளும் எது முன்னாடி வருமோ யாருக்கும் தெரியாது, ஆட்டுக்கே தெரியாது.

ரெண்டு சொல்லுல எனக்கே தகராறு வந்துச்சு. அவ ஒண்ணு சொன்னா, நான் ஒண்ணு சொன்னேன். அட்டைய எடுத்துப் பார்த்தோம். அவ சரி. நீங்க ஜூன்ல கேட்டதுக்குப் பதில் இது: ஐம்பத்தெட்டு.

முதலாளி திரும்பி வந்தாரு. குதிரையில இருந்து இறங்காமயே கொஞ்ச நேரம் பார்த்தாரு.

"என் ஆட்டு மேல என்னய்யா எழுதி வச்சிருக்க?"

"பாடப் புஸ்தகம், முதலாளி."

"இந்தக் கெழட்டு ஆடு என்னப் பார்த்து 'ஏன்'னு கேக்குது."

"அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

சொல்லல. கழுவவும் சொல்லல. ஆனா ராத்திரிச் சாப்பாட்டுல, "ஆட்டப் படிச்சா பத்தாது ஆர்ச்சி, டீச்சர் சொல்ற எண்ணு வரணும், இல்லைன்னா ஃபே வீடுதான்"னாரு. அந்த மனுஷன் கல்லு இல்ல. பொண்டாட்டி அங்க, பொண்ணு இங்க, நடுவுல பயந்து போயிருக்காரு.

இன்னொரு கூத்து. போன ஞாயித்துக்கிழமை பக்கத்துப் பண்ணைக்காரர் ரேடியோவுல கூப்புட்டாரு: "முல்லாரா, உங்க 'எங்கே' இங்க வந்து நிக்குது." வேலி கோணல்னு அப்பவே சொன்னேன்ல?

ஆர்ச்சி


6 ஆகஸ்ட் 1968

அன்புள்ள ஆர்ச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தேன். தலைமை ஆசிரியர் தேநீரைத் தம் சட்டையில் ஊற்றிக்கொண்டார். என் பத்து வருட வேலையில் இப்படி ஒரு பாடமுறையை நான் கேட்டதில்லை. கல்வித்துறைக்கு எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. ஆட்டு முதுகில் படிப்பவள் தாளில் படிப்பாளா? சாயத்தில் பெரிதாக எழுதியதைப் படிப்பவள் அச்சில் சிறிதாக இருப்பதைப் படிப்பாளா? இன்றிலிருந்து பட்டியில் ஒரு வேளை, மேசையில் ஒரு வேளை. தாளைக் கையில் பிடித்து அசைத்துக்கொண்டே காட்டுங்கள், பிறகு அசைக்காமல். இனிமேல் தனிச் சொற்கள் போதாது, இரண்டு மூன்றாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

ரேடியோவுக்கு அவள் இன்னும் வரவில்லை. 19ஆம் தேதி காலை வகுப்பில் சோதிக்க மாட்டேன். மாலை நான்கு மணிக்கு, டாக்டர் ரேடியோவில் நோயாளிகளிடம் பேசும் நேரம் முடிந்த பிறகு, அவளை மட்டும் கூப்பிடுகிறேன். மற்றவர்கள் கேட்க மாட்டார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. பொத்தானை யாராவது அழுத்தினால் அவன் வீட்டுக்கு நானே லாரியில் வருவேன் என்று இன்று காலை அறிவித்துவிட்டேன்.

ஐரிஸ்


20 ஆகஸ்ட் 1968

அன்புள்ள ஆர்ச்சி அவர்களுக்கு,

இதே தபாலில் உங்கள் முதலாளிக்கு அறிக்கை வருகிறது. அவர் பிரிப்பதற்கு முன் நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று அவள் குரல் முதலில் கேட்கவே இல்லை. நீங்கள் பின்னால் எதையோ கீழே போட்டீர்கள், அவள் உங்களைத் திட்டினாள், அதன் பிறகு குரல் வந்தது. நான் முன்பே அனுப்பியிருந்த மூடிய உறையைப் பிரித்து, இதுவரை பார்க்காத வரிசையில் இருந்த அறுபதையும் நிறுத்தாமல் படித்தாள். யாரும் சிரிக்கவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

ஐம்பத்தேழு. தவறியவை 'முன்பு', 'அதனால்', 'பலர்'. மூன்று.

அறுபது என்று எழுதப் பேனா தானாகவே போனது. நீங்கள் ஜூலையில் கேட்டதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஆனாலும் ஐம்பத்தேழு என்றுதான் எழுதினேன். கீழே, இது சிறப்பான தேர்ச்சி என்றும், அவள் வீட்டிலேயே படிக்கலாம் என்பது என் கருத்து என்றும், எண்ணைச் சொன்னது என் அவசரம் என்றும் எழுதியிருக்கிறேன். அதற்கு அவர் மதிப்புக் கொடுப்பாரா, தெரியவில்லை.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. என்ன நடந்தாலும் எழுதுங்கள்.

ஐரிஸ்


29 ஆகஸ்ட் 1968

டீச்சரம்மா,

ஐம்பத்தேழுன்னு எழுதினதுக்கு உங்க மேல கோபம் இருக்கு. நடந்தத எல்லாம் சொன்னப்புறமும் அது அப்படியேதான் இருக்கும், குறைச்சுக்க மாட்டேன்.

போன வியாழக்கிழமை முதலாளி அறிக்கையப் படிச்சாரு. ரெண்டு தரம் படிச்சாரு. நான் உருளைக்கிழங்கு உரிக்கிற மாதிரி பாவலா பண்ணிட்டிருந்தேன்.

"டீச்சர் நல்லாத்தான் எழுதியிருக்காங்க"ன்னாரு.

"ஆமாங்க முதலாளி."

"ஆனா ஒரு பேச்சுன்னா ஒரு பேச்சுதான் ஆர்ச்சி. மார்ஜரி வந்தாலும் கைக்குழந்தையோட என்ன பண்ணுவா? நீ கறி வேகவைப்பியா, கணக்கு சொல்லிக்குடுப்பியா?"

என்னைக்கும் இல்லாம ஒரு வேடிக்கைப் பேச்சும் வரல. உருளைக்கிழங்க நிஜமாவே உரிக்க ஆரம்பிச்சேன்.

அஞ்சு நாளா அவரு முகத்த நான் பார்க்கல, என் முகத்த அவரு பார்க்கல. நெட்டா மட்டும் பாடிக்கிட்டே திரிஞ்சா, பாஸ் பண்ணிட்டோம்னு நெனப்பு. யாரும் அவகிட்ட இல்லைன்னு சொல்லல.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரு அடுப்படி மேசையில உட்கார்ந்து ஃபேவுக்குக் கடிதம் எழுதினாரு. கடைசி வரிக்குப் புள்ளி வச்சுட்டு, பேனாவ மேல வச்சுட்டுக் கை கழுவப் போனாரு. நெட்டா வந்தா. ரொட்டியில சர்க்கரைப்பாகு தடவிக் கேட்டா. நான் அந்தப் பக்கம் திரும்பித் தடவறேன். பின்னாடி குரல்.

"'அவள்... உன்... கூட... இருக்கட்டும்.'"

கத்தி கையில அப்படியே நின்னுடுச்சு.

"ஆர்ச்சி, 'அவள்'னா யாரு?"

அவ விரல வச்சு வரியில போறா. பெரிய சொல்லு வந்தா தாண்டிடறா, சின்னச் சொல்லு ஒண்ணையும் விடல. அந்தக் கடிதத்துல பெரிய சொல்லு ரொம்ப இல்ல டீச்சரம்மா. ஒரு ஆளு மனசு கஷ்டப்பட்டு எழுதினா சின்னச் சொல்லாத்தான் வருது.

"'இங்கே... அவளுக்கு... யாரும்... இல்லை.'"

நிமிர்ந்தா. முதலாளி துண்டோட வாசல்ல நிக்கறாரு. எப்ப வந்தாருன்னு தெரியல. தண்ணி சொட்டுது, துடைக்கல.

"நீயா படிச்ச?"

"ஆமா."

"ஆர்ச்சி சொல்லிக் குடுத்தானா?"

"அவரு ரொட்டி தடவிட்டிருந்தாரு. அப்பா, 'அவள்' நானா?"

முதலாளி எத்தனையோ ஆட்ட, மாட்ட, மழை இல்லாத வருஷத்தப் பார்த்தவரு. அந்தக் கேள்விக்குத் துண்டைக் கீழ வச்சுட்டு, கடிதத்த அவ பக்கம் நகர்த்தினாரு.

"மறுபடி படி"ன்னாரு.

படிச்சா. ஒரு தடங்கல் இல்லாம, அச்சு மாதிரி. படிச்சுட்டு அந்த வரிமேலயே விரல வச்சுக்கிட்டுச் சொன்னா:

"இது தப்பு அப்பா."

"எங்க தப்பாப் படிச்ச?"

"நான் சரியாத்தான் படிச்சேன். நீங்கதான் தப்பா எழுதியிருக்கீங்க."

அப்புறம் ரொட்டிய எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா. அழுதாளான்னு தெரியல, முதுகு மட்டும்தான் தெரிஞ்சது.

முதலாளி மேசைகிட்ட உட்கார்ந்தாரு. பேனாவ எடுத்தாரு, அந்த வரிய அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அடிக்கல. காகிதத்த நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு எழுந்து, குதிரையப் பிடிச்சுக்கிட்டு அவ போன திசையில நடந்தாரு. என்ன பேசினாங்களோ, நான் போகல. நான் கிழவன்தான், ஆனா எங்க போகக் கூடாதுன்னு தெரியும். பொழுது சாயறப்ப ரெண்டு பேரும் ஒரே குதிரையில வந்தாங்க.

நேத்தும் அவரு ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு வியாழக்கிழமை. காலையில இருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து கால் ஓஞ்சு போச்சு. இப்ப தபால் லாரி வந்துடுச்சு. லாரிக்காரன் பைய நீட்டி, "முல்லாராவுல இருந்து எத்தனை கடிதம்?"னு கேக்கறான். நான் முதலாளியப் பார்த்தேன். அவரு குதிரைக்குச் சேணம் கட்டிக்கிட்டே, திரும்பிப் பார்க்காம, "உன்னோடது மட்டும்தான் ஆர்ச்சி, சீக்கிரம் எழுதி முடி"ன்னாரு.

முடிச்சுட்டேன்.

ஆர்ச்சி டோலன்